மூங்கில் வாளும் ஒரு பதிவேடும்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, "சினிமாவைப் பற்றி எழுதலாமா?" என்றேன். "தாராளமா எழுதுப்பா. ஆனா ரசிகர் மன்ற நோட்டீஸ் மாதிரி இருக்கக் கூடாது" என்றார். அந்தப் பயம் அவருக்கு வேண்டாம். நான் எழுதப் போகும் படத்தின் கதாநாயகனுக்கு நம் ஊரில் மன்றம் கிடையாது. படம் வந்தது 1962-ல். கருப்பு வெள்ளை. ஜப்பானிய மொழி. பெயர் 'ஹராகிரி'. இயக்கியவர் மசாக்கி கோபயாஷி.

விடுதிப் பொது அறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, துறையிலிருந்து கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்த புரொஜெக்டரில் இதைப் போட்டோம். 'பழிவாங்கும் சாமுராய் - அனைவரும் வருக!' என்று கொட்டை எழுத்தில் நோட்டீஸ் எழுதி ஒட்டியவன் அடியேன்தான். கையெழுத்து கொஞ்சம் நன்றாக இருக்கும் என்பதால் விடுதியில் அந்த வேலை எப்போதும் என் தலையில்தான். நோட்டீசை நம்பி முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. "மச்சான், சண்டை எப்படா வரும்?" என்று ஒரு குரல். "ஒருத்தன் உக்காந்து பேசிக்கிட்டே இருக்கானே, இது படமா பட்டிமன்றமா?" என்று இன்னொரு குரல். ஒவ்வொருவராகப் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள். படம் முடியும்போது பதினோரு பேர் மிஞ்சினோம். அந்தப் பதினோரு பேரும் இரவு இரண்டு மணி வரை தூங்கவில்லை. அந்த ஆள் ஜெயித்தானா, தோற்றானா என்று ஒரே வாக்குவாதம். அன்றைக்கு நான் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கதை. படம் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. முடிவையும் சொல்லப் போகிறேன். முடிவைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேச முடியாது.

காலம் 1630. இடம் எடோ, அதாவது இன்றைய டோக்கியோ. 1600-ல் செகிகஹாரா போர், 1615-ல் ஒசாகா கோட்டை முற்றுகை, இரண்டிலும் வென்று டோகுகாவா வம்சம் ஜப்பானை முழுக்கத் தன் கைக்குள் கொண்டுவந்து விட்டது. நாட்டில் அமைதி. போர் இல்லை. போர் இல்லையென்றால் போர்வீரனுக்கு வேலை இல்லை! அது போதாதென்று, தனக்குப் பிடிக்காத சிற்றரசர்களின் நிலத்தை மைய அரசு பிடுங்கிக்கொண்டே வந்தது. ஹிரோஷிமாவை ஆண்ட ஃபுகுஷிமா மசானோரியின் பதவி 1619-ல் பறிபோனது. அவர் செய்த குற்றம், வெள்ளத்தில் இடிந்த கோட்டையை முறையான அனுமதி வாங்காமல் ரிப்பேர் செய்தது. (சிவில் துறை நண்பர்கள் கவனிக்க!) ஒரு பிரபுவின் வீடு விழுந்தால் அவரை நம்பியிருந்த வீரர்கள் அத்தனை பேரும் தெருவுக்கு வருவார்கள். எஜமானன் இல்லாத அப்படிப்பட்ட சாமுராய்க்கு 'ரோனின்' என்று பெயர். வேறு தொழில் தெரியாது. தெரிந்தாலும் செய்யக் கௌரவம் இடம் கொடுக்காது.

இந்த ரோனின்களில் சிலர் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பெரிய பிரபுக்களின் மாளிகை வாசலில் போய் நின்று, "இப்படி வறுமையில் வாழ்வதைவிடச் சாவது மேல். உங்கள் முற்றத்தில் வயிற்றைக் கிழித்துக்கொண்டு கௌரவமாகச் சாக அனுமதி கொடுங்கள்" என்று கேட்பது. அப்படிச் சாகும் சடங்குக்குத்தான் 'செப்புக்கு' என்று பெயர். ஜப்பானில் படத்தின் தலைப்பும் அதுவே. 'ஹராகிரி' என்பது அதே இரண்டு எழுத்துகளை முன்பின்னாக மாற்றிச் சொல்லும் பேச்சு வழக்கு. வாசலில் ரத்தமும் வம்பும் எதற்கு என்று மாளிகைக்காரர்கள் கையில் கொஞ்சம் காசு கொடுத்து அனுப்பி விடுவார்கள்.

இயி என்ற பெரிய குடும்பத்தின் எடோ மாளிகைக்கு ஹன்ஷிரோ என்ற நடுவயது ரோனின் வந்து இதே வரத்தைக் கேட்கிறான். ஹிரோஷிமாக்காரன். நடித்திருப்பவர் தட்சுயா நகடாய். பேரன் எடுத்த மனிதனாக நடித்தபோது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை! (குரோசாவாவின் 'யோஜிம்போ'வில் கைத்துப்பாக்கியோடு திரியும் வில்லன் இவர்தான் என்று சொன்னால் பார்த்தவர்களுக்குப் புரியும்.) மாளிகையின் தலைமை அதிகாரி ககேயு. இவராக வருபவர் ரென்டாரோ மிகுனி. "தம்பி, யோசித்துச் செய்" என்கிற பாவனையில், சில மாதங்களுக்கு முன்னால் இதே போல் வந்த மொடோமே என்ற இளைஞனின் கதையை அவர் ஹன்ஷிரோவுக்குச் சொல்கிறார்.

அந்தக் கதை பயங்கரமானது. மொடோமே வந்தபோது, காசு கொடுத்து அனுப்பினால் நாளைக்கு நூறு பேர் வருவார்கள், ஒருவனை நிஜமாகவே சாக வைத்தால் எல்லாருக்கும் பாடமாக இருக்கும் என்று மாளிகையின் வீரர்கள் முடிவு செய்கிறார்கள். பையனைக் குளிக்க வைத்துப் புது உடை கொடுக்கிறார்கள். வேலை கிடைக்கப் போகிறது என்று அவன் முகம் மலர்கிறது. அடுத்த நிமிடம் சாவுக்கான உடை வருகிறது. அவன் ஒன்றிரண்டு நாள் தவணை கேட்கிறான். கட்டாயம் திரும்பி வருகிறேன் என்கிறான். யாரும் நம்பவில்லை. இதற்குள் இன்னொன்றும் தெரிந்து போகிறது. அவன் இடுப்பில் இருப்பது நிஜ வாள் இல்லை, மூங்கில் வாள். இரும்பு வாளை விற்றுத் தின்றுவிட்டு உறைக்குள் மூங்கிலைச் செருகி வைத்திருக்கிறான். "சாமுராயின் ஆன்மா அவன் வாள். அந்த வாளாலேயே சாகட்டும்" என்கிறார்கள்.

மூங்கிலால் வயிறு கிழியுமா? கிழியாது. வாளைத் தரையில் ஊன்றி, அதன்மேல் உடம்பைச் சாய்த்துச் சாய்த்துக் குத்திக்கொள்கிறான் அந்தப் பையன். பின்னால் நிற்பவன் தலையை வெட்டி வேதனையை முடித்து வைக்க வேண்டும், அதுதான் சடங்கு. ஒமோடாகா என்ற அந்த வீரன் வெட்டவில்லை. முறைப்படி குறுக்கே கிழி, அப்புறம் வெட்டுகிறேன் என்று வாளை ஓங்கியபடி நிற்கிறான். கடைசியில் பையன் நாக்கைக் கடித்துக்கொள்கிறான். இந்த இடத்தில்தான் எங்கள் பொது அறையில் பேச்சு நின்றது. எழுந்து போனவர்களில் பாதிப் பேர் போரடித்துப் போகவில்லை, இதைப் பார்க்க முடியாமல்தான் போனார்கள் என்பது என் எண்ணம்.

இவ்வளவையும் கேட்ட பிறகும் ஹன்ஷிரோ கலங்காமல் முற்றத்துக்கு நடக்கிறான். வெள்ளைத் துணிமேல் உட்காருகிறான். தலை வெட்ட எனக்கு ஒமோடாகாதான் வேண்டும் என்கிறான். ஆள் அனுப்புகிறார்கள், உடம்பு சரியில்லை, வரவில்லை. சரி, யசாகி? அவனுக்கும் உடம்பு சரியில்லை. கவாபே? அவனுக்கும்தான். மூன்று பேரும் ஒரே நாளில் லீவு! காத்திருக்கும் நேரத்தில் என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேனே என்று ஹன்ஷிரோ ஆரம்பிக்கிறான்.

மொடோமே அவன் மருமகன். செத்துப்போன நண்பனின் மகன். மகள் மிஹோவைக் கட்டிக் கொடுத்து, கிங்கோ என்று ஒரு பேரக் குழந்தையும் பிறந்தது. ஹன்ஷிரோ குடை செய்து பிழைத்தான். மொடோமே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான். மிஹோ நோயில் விழுந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. வைத்தியனைக் கூப்பிடக் காசில்லை. ஒரு வழி இருக்கிறது என்று சொல்லிவிட்டு மொடோமே வெளியே போனான். அந்த 'ஒரு வழி' எது என்பது நமக்குத் தெரியும். இரவு அவன் உடம்பைக் கொண்டுவந்து போட்ட மூன்று பேர்தான் இன்று உடம்பு சரியில்லாத அதே மூன்று பேர். சில நாளில் குழந்தை போயிற்று. பிறகு மிஹோவும்.

இனி என் அபிப்பிராயத்துக்கு வருகிறேன்.

பழிவாங்கும் கதைகளுக்கு ஜப்பானில் பஞ்சமில்லை. நாற்பத்தேழு ரோனின்களின் கதை உலகப் புகழ் பெற்றது. 1701-ல் தங்கள் பிரபு செப்புக்கு செய்ய நேர்ந்ததற்குக் காரணமானவனை ஏறக்குறைய இரண்டு வருடம் காத்திருந்து கொன்ற வீரர்கள் அவர்கள். நாடகமாகவும் சினிமாவாகவும் அது எத்தனையோ முறை வந்துவிட்டது. ஆனால் அங்கே வேலைக்காரன் எஜமானனுக்காகப் பழி வாங்குகிறான். அதனால் எஜமானர்களுக்கும் அந்தக் கதை பிடிக்கும்! 'ஹராகிரி'யில் பழி வாங்கப்படுவது மூங்கில் வாளோடு பிச்சை கேட்கப் போன ஒரு ஏழை மருமகனுக்காக. சாமுராய் தர்மத்தின்படி பார்த்தால் அவன் செய்தது பொய்; அவன் கேட்டது கேவலம். அப்படிப்பட்டவனுக்காக எந்தக் காவியமும் பாடாது. இந்தப் படம் அந்த வேலையை எடுத்துக்கொண்டது.

இரண்டாவது, ஹன்ஷிரோ மாளிகையைப் பார்த்துக் கேட்பது ரொம்பச் சின்னக் கேள்வி. ஒரு மனிதன் ஒரு நாள், இரண்டு நாள் தவணை கேட்டானே. ஏன் கேட்கிறாய் என்று உங்களில் ஒருவருக்காவது விசாரிக்கத் தோன்றவில்லையா? அவ்வளவுதான். மருமகன் உத்தமன் என்று அவன் வாதாடவில்லை. அவன் செய்தது தப்புதான் என்றே ஒப்புக்கொள்கிறான். ஆனாலும் ஏன் என்று கேட்டிருக்க வேண்டாமா? கேட்டிருந்தால் நாலு வார்த்தையில் பதில் வந்திருக்கும். வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல். இந்த நாலு வார்த்தையைக் கேட்க அந்த மாளிகையில் யாருக்கும் நேரமில்லை. சட்டப்படி எல்லாம் சரியாக நடந்தது. அவனாகத்தான் வந்தான், அவனாகத்தான் சாகிறேன் என்றான், சொன்ன சொல்லைக் காப்பாற்ற வைத்தோம் என்று ககேயு பதில் சொல்கிறார். அந்தப் பதிலில் ஓட்டை எதுவும் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் அதன் கொடுமை.

மூன்றாவதாக ஒரு காட்சி. இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மொடோமேயின் உடம்பு வீட்டுக்கு வந்த அந்த இரவில்தான் ஹன்ஷிரோவுக்கு மூங்கில் வாள் விஷயமே தெரிகிறது. மனைவிக்காகவும் குழந்தைக்காகவும் மருமகன் வாளை விற்றிருக்கிறான். தன் வாளோ தன் இடுப்பில் அப்படியே இருக்கிறது! பேரன் காய்ச்சலில் கிடந்தபோதும் அதை விற்கலாம் என்று தனக்குத் தோன்றவே இல்லையே என்று அந்த மனிதன் உடைந்து அழுகிறான். இந்தக் கருமத்தையா இத்தனை நாள் கட்டிக் காத்தேன் என்று வாளை வீசி எறிகிறான். நண்பர்களே, பழிவாங்கும் படங்களில் கதாநாயகன் எப்போதும் சுத்தமானவன். தப்பு முழுக்க எதிரி பக்கம். இங்கே கதாநாயகனின் முதல் கோபம் அவன் மேலேயே. மாளிகையின் சுவரில் இருக்கும் அதே பெருமை தன் இடுப்பிலும் தொங்கிக்கொண்டிருந்தது என்று அவனுக்கு உறைக்கிறது. மாளிகையை நோக்கிக் கிளம்பியது அதற்குப் பிறகுதான்.

நான்காவது, அந்த மூன்று பேர் விஷயம். அவன் யாரையும் கொல்லவில்லை! மடியிலிருந்து மூன்று குடுமிகளை எடுத்து முற்றத்து மணலில் எறிகிறான். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எறிகிறான். சாமுராய்க்குக் குடுமி போவது தலை போவதைவிடக் கேவலம். குடுமியை இழந்தவன் அன்றைக்கே செத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் தர்மம். அதே தர்மத்தின் பேரால்தான் மொடோமேயை மூங்கிலில் குத்திக்கொள்ள வைத்தார்கள். ஆனால் தங்களுக்கு வந்தபோது என்ன செய்தார்கள்? முடி வளரும் வரை உடம்பு சரியில்லை என்று போர்வைக்குள் ஒளிந்துகொண்டார்கள். இதைவிடப் பெரிய பழி என்ன இருக்கிறது? ஒமோடாகாவோடு காற்று சுழன்றடிக்கும் புல்வெளியில் நடக்கும் சண்டை நன்றாகத்தான் இருக்கிறது. டோரு டகெமிட்சுவின் இசையில் அந்த பிவா என்ற தந்தி வாத்தியம் நரம்பை அறுக்கிறது. ஆனால் எனக்கு அந்தச் சண்டையைவிட, மணலில் கிடக்கும் மூன்று கொத்து முடிதான் மறக்கவில்லை.

மிச்சத்தை வேகமாகச் சொல்லி விடுகிறேன். கொல்லுங்கள் என்று ககேயு உத்தரவு போடுகிறார். ஹன்ஷிரோ தனி ஆளாக மாளிகை முழுக்கச் சண்டை போடுகிறான். நாலு பேர் சாகிறார்கள், எட்டுப் பேருக்குப் பலத்த காயம். அந்த மாளிகையில் மூதாதையரின் போர்க்கவசம் ஒன்றைச் சாமி மாதிரி உட்கார வைத்துக் கும்பிடுகிறார்கள். படத்தின் முதல் காட்சியே அதுதான். (சரித்திரத்தில் இயி படை சிவப்புக் கவசத்துக்குப் பேர் போனது. கருப்பு வெள்ளையில் நமக்கு அது தெரியாது.) ஹன்ஷிரோ அந்தக் கவசத்தைத் தூக்கிக் கீழே போட்டு உடைக்கிறான். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் கூடு. கடைசியில் அவன் தன் வயிற்றில் வாளைச் செருகிக்கொள்ளும் நேரத்தில் துப்பாக்கிகள் வெடிக்கின்றன. வாளைப் பற்றி இவ்வளவு பெருமை பேசிய வீடு, முடிவில் நம்பியது துப்பாக்கியை!

அதற்கப்புறம்தான் நிஜமான கிளைமாக்ஸ். ஒமோடாகா ஏற்கெனவே தற்கொலை செய்துகொண்டான் என்று தகவல் வருகிறது. மற்ற இரண்டு பேரையும் வயிற்றைக் கிழித்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்கிறார் ககேயு. செத்தவர்கள் எல்லாரும் நோயில் செத்ததாக எழுதுங்கள். ஹன்ஷிரோ முறைப்படி செப்புக்கு செய்துகொண்டான் என்று எழுதுங்கள். ரத்தத்தைக் கழுவுகிறார்கள். கவசத்தைத் திரும்பக் கோத்து பழைய இடத்தில் உட்கார வைக்கிறார்கள். முற்றத்தைச் சுத்தம் செய்யும் ஆள் ஒருவன் கீழே கிடந்த ஒரு குடுமியைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போகிறான். படம் தொடங்கியபோது ஒரு பதிவேடு விரிந்தது. அதே பதிவேட்டில் அன்றைய நிகழ்ச்சி அழகாக எழுதப்படுகிறது. இயி வீட்டின் புகழ் முன்னைவிட உயர்ந்தது என்று முடிகிறது.

இதைப் பார்த்துத்தான் எங்கள் பதினோரு பேரில் ஏழு பேர் "தோத்துட்டான்" என்றார்கள். "இவ்வளவு செஞ்சும் ஒரு வரி மாறலியேடா! ஊருக்கே தெரியாதே! அப்புறம் என்ன பழி?" என்று எலெக்ட்ரிகல் மாணவன் ஒருவன் கொதித்தான். நியாயமான கேள்வி. அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை.

இயக்குநர் கோபயாஷியைப் பற்றிப் பிறகு தேடிப் படித்தேன். 1942-ல் அவரை ராணுவத்துக்கு இழுத்துக்கொண்டு போய் மஞ்சூரியாவில் நிறுத்தினார்கள். பதவி உயர்வு கொடுத்தபோது வேண்டாம் என்று மறுத்து, கடைசி வரை சாதாரணச் சிப்பாயாகவே இருந்தார். எதிர்ப்பைக் காட்ட அவருக்குக் கிடைத்த வழி அது ஒன்றுதான். போர் முடிந்ததும் ஒகினாவாவில் போர்க்கைதியாக இருந்தார். திரும்பி வந்து 1959-லிருந்து 1961 வரை, இதே நகடாயை வைத்து, மஞ்சூரியாப் போரைப் பற்றி 'மனித நிலை' என்று மூன்று பாகப் படம் எடுத்தார். மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல். அடுத்த வருடமே 'ஹராகிரி'. திரைக்கதை, குரோசாவாவோடு 'ரஷோமான்', 'ஏழு சாமுராய்' எழுதிய ஷினோபு ஹஷிமோட்டோ. 1963-ல் கான் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு கிடைத்தது. முந்நூறு வருடத்துக்கு முந்தைய கதை என்று பெயர்தான். கவசத்தையும் கௌரவத்தையும் காட்டி இளைஞர்களைச் சாகச் சொன்ன ஒரு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த மனிதன் எடுத்த படம் என்று தெரிந்த பிறகு, அந்த வெற்றுக் கவசம் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது.

2011-ல் டகாஷி மீகே இதே கதையைக் கலரில் மறுபடி எடுத்தார். அதில் ஹன்ஷிரோ கடைசிச் சண்டையை மூங்கில் வாளோடு போடுகிறான், யாரையும் கொல்வதில்லை. நல்ல யோசனைதான். ஆனால் பழைய படத்தின் ககேயு அதில் எனக்குக் கிடைக்கவில்லை.

ஏனென்றால் பழைய ககேயு வில்லன் இல்லை, நண்பர்களே. அவர் கத்துவதில்லை. யாரையும் கையால் தொடுவதில்லை. மொடோமேயின் கதையைச் சொல்லி ஹன்ஷிரோவைத் திருப்பி அனுப்பத்தான் முதலில் பார்க்கிறார். சண்டை நடக்கும்போது தன் அறையில் தனியாக உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த முகத்தைப் பாருங்கள். அந்த முகத்தில் வெற்றி இல்லை. அவர் ஒரு பொறுப்பான அதிகாரி. வீட்டின் பேர் கெடாமல் பார்த்துக்கொள்வது அவர் உத்தியோகம். அப்படிப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் சாண்ட்விச் டிப்ளமோ. தொழிற்சாலைப் பயிற்சிக்காக ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் இருந்தேன். பெயர் வேண்டாம். பவர் பிரஸ்ஸில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் ராம் இறங்க வேண்டும். கை டைக்குள் இருக்கும்போது இறங்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. அந்த ஒரு மிஷினில் ஒரு பட்டனை மரத்துண்டு வைத்து நிரந்தரமாக அழுத்தி விட்டிருந்தார்கள். ஒரு கை மிச்சமானால் ஷிஃப்டுக்கு உருப்படி கூடும். எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஒரு நாள் இரவு ஷிஃப்டில் ஒரு ஆபரேட்டர் அண்ணனுக்கு வலது கையில் இரண்டு விரல் நுனி போய்விட்டது.

சூப்பர்வைசர் சார் தங்கமான மனுஷன். அவரே தன் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சட்டையெல்லாம் ரத்தம். கைக்காசு போட்டு மருந்து வாங்கினார். திரும்பி வந்ததும் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, "தம்பி, உன் கையெழுத்து நல்லா இருக்குமே, இந்த ரிஜிஸ்டரை எழுதிடு" என்றார். விபத்து நடந்த நேரம், மிஷின் நம்பர், எல்லாம் சொல்லச் சொல்ல எழுதினேன். காரணம் என்று ஒரு கட்டம் வந்தது. "தொழிலாளியின் கவனக்குறைவு" என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எழுதினேன். முத்து முத்தாக எழுதினேன். எழுதிவிட்டு மிஷின் பக்கம் போனால் அந்த மரத்துண்டு இல்லை. இரண்டு பட்டனும் ஒழுங்காக இருந்தது. தரையையும் துடைத்திருந்தார்கள்.

பத்து நாள் கழித்து அந்த அண்ணன் கட்டுப் போட்ட கையோடு டிபன் பாக்ஸை எடுத்துப் போக வந்தார். "தம்பி, நீங்கதான் எழுதுனீங்களாமே. என்ன எழுதியிருக்கு?" என்றார். "விபத்துன்னு எழுதியிருக்குண்ணே" என்றேன். "சரி தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏன் அந்த மரத்துண்டைப் பற்றி எழுதவில்லை என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் பயிற்சிச் சான்றிதழ் வேண்டியிருந்தது. இதை அந்தப் பதினோரு பேரிடம் அன்றிரவு நான் சொல்லவில்லை. இன்றுதான் சொல்கிறேன்.

எலெக்ட்ரிகல் நண்பனுக்கு என் பதில் இது. பதிவேட்டில் ஒரு வரி மாறவில்லை என்பது உண்மைதான். ஹன்ஷிரோ பதிவேட்டுக்காக வந்தவன் இல்லை. அது எப்படி எழுதப்படும் என்று அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? அவனும் ஒரு பிரபுவின் வீட்டில் இருந்தவன்தானே! அவனுக்கு வேண்டியிருந்தது ககேயுவின் காது. அதனால்தான் வந்ததும் வாளை உருவாமல் கதை சொல்ல உட்கார்ந்தான். நம் பையன்கள் போரடிக்கிறது என்று எழுந்து போன அந்த ஒரு மணி நேரப் பேச்சுதான் அவன் பழி. மொடோமே செத்த அன்று ககேயு தான் செய்தது சரி என்று நம்பினார். அன்றைக்குப் பதிவேட்டில் எழுதியிருந்தால் நம்பித்தான் எழுதியிருப்பார். ஹன்ஷிரோ வந்து போன பிறகு அவர் எழுதச் சொன்ன ஒவ்வொரு வரியும் பொய் என்று அவருக்குத் தெரியும். குழந்தையின் காய்ச்சல் தெரியும், மிஹோவின் பெயர் தெரியும், ஒளிந்துகொண்ட மூன்று பேரும் தெரியும். தெரிந்தே எழுத வேண்டும். ஊருக்குத் தெரியாவிட்டால் என்ன, எழுதியவனுக்குத் தெரியுமே! அது லேசான தண்டனை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

அவன் சம்மதிக்க மாட்டான், எனக்குத் தெரியும். "செத்தவனுக்கு அதனால என்ன லாபம்?" என்பான். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

பருவத் தேர்வு முடிந்ததும் படத்தை மறுபடி ஒரு முறை போடலாம் என்று இருக்கிறோம். இரண்டே கால் மணி நேரம் ஓடும். போன தடவை பாதியில் போனவர்கள் முதல் ஒரு மணி நேரம் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். நோட்டீசை இந்த முறை வேறு யாராவது எழுதட்டும் என்று சொல்லிவிட்டேன்.